கம்பிக்குக் கம்பி

பூமாலைக்கு அளவு நாடா தேவையே இல்லை. ரவிக்கைத் துணியோடு வருகிறவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தோள் எத்தனை, கை எத்தனை என்று மனசுக்குள் குறித்துக்கொள்வாள். பிறகு நாடாவைப் பிடித்து அளப்பதெல்லாம் வந்தவளின் திருப்திக்குத்தான். மெஷினில் உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

அந்தக் கண்ணைத் துணியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு அப்படி. தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஒரே வாசலைப் பார்த்தபடி இரண்டு வீடுகள். பெரிய வீட்டில் மூத்த மகன் தனசேகரனும் அவன் மனைவி நிர்மலாவும். சின்ன வீட்டில் இளைய மகன் இளஞ்செழியனும் பூமாலையும். நடுவாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு மாமனார் பச்சமுத்து. இரண்டரை ஏக்கர் கரும்பு அவர் பேரில். ஆலைப் பணம் அவர் கணக்கில்தான் ஏறும். அங்கிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் பிரியும்.

பிரிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஈடு என்று அதற்குப் பேர். பெரிய வீட்டுக்கு ஒன்று வந்தால் சின்ன வீட்டுக்கும் அதுவே வர வேண்டும். பணமாகக் கிடையாது, பொருளாகத்தான். மிக்சிக்கு மிக்சி, அதே கம்பெனி, அதே நிறம். சைக்கிளுக்கு சைக்கிள். அவர் வாலிபத்தில் அவரும் அவர் அண்ணனும் பணமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் குடித்தார், தம்பி நிலம் வாங்கினார், கடைசியில் பொய்க்கணக்கு காட்டிவிட்டான் என்று அண்ணன் ஊர் கூட்டினார். அன்றிலிருந்து பச்சமுத்துவுக்குப் பணப் பங்கில் நம்பிக்கை போய்விட்டது.

ஈட்டில் வராதது ஒன்றே ஒன்றுதான், வைத்தியம். இளஞ்செழியனுக்குக் குடல்வால் அறுத்ததும், டிராக்டர் கவிழ்ந்து தனசேகரனுக்குக் காலில் தகடு வைத்ததும் பொதுப் பணத்தில். யாரும் ஈடு கேட்கவில்லை. "நோவுக்கு இன்னாத்த ஈடு கேக்கறது?" என்பார் பச்சமுத்து. "ஒருத்தன் வயித்த அறுத்தா இன்னொருத்தன் வயித்தயும் அறுக்கறதா?"

இந்த முறைக்குக் காவல்காரி பூமாலை. தீபாவளிக்கு வந்த இரண்டு புடவையில் எது கரை அகலம் என்று மடிப்பைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பச்சை வண்ணம் அடித்தபோது பெரிய வீட்டுக்கு ஒரு பூச்சு கூட விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பெயின்டர் மறுபடி வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அப்படியும் ஈட்டுக்கு அகப்படாதவை நிறைய இருந்தன. நிர்மலா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அமைப்பாளர். மாசம் பிறந்தால் சம்பளம். கூட்டம் என்று கள்ளக்குறிச்சிக்கு ஹேண்ட்பேக் மாட்டிக்கொண்டு போவாள். உயரம். பேச்சில் நிதானம். அவள் மகள் சுபஸ்ரீயும் பூமாலையின் மகள் கோகிலவாணியும் ஒரே வகுப்பு, ஒன்பதாவது. சுபஸ்ரீ முதல் மூன்று ரேங்கை விட்டு இறங்கியதில்லை. வாணி நடுவில் எங்கேயோ.

ஒன்றே ஒன்றில் மட்டும் பூமாலை மேலே இருந்தாள். பல்.

நிர்மலாவுக்கு மேல்வரிசை முன்பல் நாலும் தூக்கல். உதடு மூடாது. சிரிக்கும்போது புறங்கையைக் கொண்டுவந்து மறைத்துக்கொள்வாள். பூமாலையைப் பெண் பார்க்க மூங்கில்துறைப்பட்டுக்கு வந்தபோது மாமியார் தைலம்மாள் நிறத்தையும் பார்க்கவில்லை, முடியையும் பார்க்கவில்லை. "சிரிம்மா" என்றாள். பூமாலை சிரித்தாள். கல்யாணத்தன்று பந்தலில் நாலு பேர் நடுவே தைலம்மாள் சொன்னதை இன்றைக்கும் உறவில் சொல்வார்கள். "பெரியவகிட்ட கோட்ட வுட்டத சின்னவகிட்ட புடிச்சிட்டேன். பல்லப் பாருங்க, பச்சரிசியாட்டம்." நிர்மலா அப்போது பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சாம்பார் வாளி அப்படியே நின்றது. பூமாலை தலையைக் குனிந்துகொண்டு அதைப் பார்த்தாள்.

தைலம்மாள் போய் மூன்று வருஷமாகிறது. அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. சம்பளத்துக்கும் ரேங்குக்கும் எதிராக பூமாலை வைத்திருந்த ஒரே எடைக்கல் அது. தாய் மாதிரியே மகள்கள். சுபஸ்ரீக்குத் தூக்குப்பல், வாணிக்கு அரிசிப்பல்.

ஆனி மாசத்துச் சனிக்கிழமை ஒன்றில் சுபஸ்ரீ கள்ளக்குறிச்சியிலிருந்து வாயைக் கையால் மூடியபடி வந்து இறங்கினாள். வாணி பார்க்கவேண்டும் என்று நச்சரித்ததில் மெதுவாகத் திறந்தாள். மேலும் கீழும் வெள்ளிக் கம்பி. பல்லுக்கு ஒரு பொட்டு மாதிரி ஒட்டி, பொட்டுக்கு ஒரு பச்சை ரப்பர்.

"ரெண்டு வருஷத்துல உள்ள போயிடுமாம்" என்றாள் நிர்மலா, யாரையும் பார்க்காமல். "நாப்பத்தி ரெண்டாயிரம். மூணு வருஷம் முன்ன கேட்டப்ப இருபத்தியெட்டு சொன்னாங்க. பாப்போம் பாப்போம்னு இருந்ததுல பதினாலு ஏறிப்போச்சி."

பணம் ஆலைப் பணம். பச்சமுத்து கொடுத்திருந்தார். சின்ன வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, வைத்தியத்துக்கு யாரிடமும் சொல்லும் வழக்கம் இல்லை.

அன்றைக்கு பூமாலை ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துத் திருப்பித் தைத்தாள். அடுத்த நாள் அதையே மறுபடி செய்தாள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் பல் வரிசையில் நிற்கும். உயரம் இருக்கிறது, ரேங்க் இருக்கிறது, அம்மாவுக்குச் சம்பளம் இருக்கிறது, பல்லும் நேரானால் வாணிக்கு என்று மிச்சம் என்ன? சுபஸ்ரீ சாப்பிட உட்கார்ந்தால் பூமாலையின் கண் அவள் வாய்க்குத்தான் போகும். ஒவ்வொரு மாசமும் கம்பியை முடுக்கிவிட்டு வருவாள். ஒவ்வொரு மாசமும் அரை நூல் உள்ளே போயிருக்கும். நாடா இல்லாமலே பூமாலைக்கு அது தெரிந்தது.

இரண்டு மாசம் பொறுத்தாள். ஒரு சாயங்காலம் கட்டிலுக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"சுபஸ்ரீக்கு இன்னா நோவு?"

பச்சமுத்து வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "நோவா? ஒண்ணுமில்லியே, நல்லாத்தான இருக்குது."

"அப்ப கம்பி எந்தக் கணக்குல வருது?"

"வைத்தியந்தான். டாக்டர் தான போட்டாங்க?"

"டாக்டருங்க காதும்தான் குத்தறாங்க. வாணிக்கும் சுபஸ்ரீக்கும் ஆஸ்பத்திரில வெச்சுத்தான குத்துனோம்? அதுக்காக கம்மல வைத்தியத்துல சேத்தீங்களா? நகையில தான வெச்சீங்க? ரெண்டு பேருக்கும் ஒரே எடை போட்டீங்களே."

பெரிய வீட்டுக்குள்ளிருந்து நிர்மலாவின் குரல் வந்தது. "கடிச்சித் தின்ன முடியலன்னுதான் போட்டது, ஆசைக்கில்ல."

"பதினாலு வருஷமா கடிச்சிகினுதான இருந்தா அக்கா? ஆட்டுக்கறி எலும்ப வுட்டு வெச்சாளா?"

நிர்மலா வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, அவளுக்குச் சத்தம் வராது. "உனக்கு வரிசையா இருக்குதுன்னு மத்தவங்க வாயிலயே கண்ண வெச்சிகினு இருக்காத பூமாலை. புள்ளைக்கு சோறு எறங்க மாட்டுது."

"நான் ஈடு கேக்கறேன். கண்ணு வெக்கல."

பச்சமுத்து கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். இரண்டு நாள் யோசித்தார். கரும்புக்குத் தண்ணி கட்டும்போதும் யோசித்தார் என்று இளஞ்செழியன் சொன்னான். மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார்.

"நீ சொல்றது நாயந்தான். நோவு இல்லாத எடத்துல பண்ணா அது நகை. வாணிக்கும் போட்டுடலாம், கம்பிக்குக் கம்பி. டாக்டர் சீட்டு வாங்கிகினு வா. ஆனா ஒண்ணு. ஆலையில இருந்து வந்ததுல இப்ப கையில நிக்கறது இதுக்குத்தான் சரியா இருக்கும். அடுத்த வெட்டு வரைக்கும் வேற எதுக்கும் என்னாண்ட வரக்கூடாது. பணமாவும் தர மாட்டேன்."

அன்று இரவு இளஞ்செழியன் கேட்டான், "அவளுக்குப் பல்லு நல்லாத்தானடி இருக்குது?"

"பல்லு வேற, ஈடு வேற" என்றாள் பூமாலை.

வாணிக்கு மட்டும் சந்தோஷம். அவளுக்கு ரோஸ் ரப்பர் வேண்டும்.

டாக்டர் நான்சியின் கிளினிக் கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. சுவரில் கட்டணப் பட்டியலை அச்சடித்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். எழுத்தெல்லாம் பழசு, எண்கள் மட்டும் புதுசு. ஒவ்வொரு எண்ணின் மேலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எழுதியிருந்தது. காத்திருந்த நேரத்தில் பூமாலை ஸ்டிக்கரின் விளிம்பைப் பார்த்தாள். ஒரு ஸ்டிக்கரின் தடிமன் இல்லை அது. பல் எடுப்பதற்கு மூன்று, வேர் சிகிச்சைக்கு நாலு, ஒன்றின் மேல் ஒன்று. கீழே பெஞ்சில் ஒரு அம்மாவும் அப்பாவும் இரண்டு பிள்ளைகளில் யாரை இந்த மாசம் காட்டுவது, யாரை அடுத்த மாசம் என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்சி வாணியின் வாயில் விளக்கைக் காட்டினார். கண்ணாடியை வைத்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு விளக்கைத் தள்ளினார்.

"இந்தப் பொண்ணுக்கு எதுக்கும்மா கம்பி?"

"நீங்க போட்டீங்களே மேடம், சுபஸ்ரீன்னு, எங்க மச்சாண்டார் பொண்ணு. அதே மாதிரி."

"அந்தப் பொண்ணுக்குத் தூக்கிக்கினு இருந்துச்சு. இது ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு. காலேஜ்ல எங்களுக்குப் பாடம் நடத்த இந்த மாதிரி வாய்தான் தேடுவாங்க."

பூமாலைக்கு நெஞ்சு விரிந்தது, அதே மூச்சில் சுருங்கியும் போனது. "கொஞ்சம் நல்லா பாருங்க மேடம். எங்கியாச்சும் ஒரு கால் இஞ்ச் கோணல் இருக்கும்."

"கால் இஞ்ச் கோணல்னா பல்லு வாய்க்கு வெளிய இருக்கும்மா" என்று நான்சி சிரித்தார். வாணியும் சிரித்தாள். நான்சி சிரிப்பை நிறுத்திவிட்டு பூமாலையையே பார்த்தார். "நீங்க ஏன் வலது கன்னத்த அசைக்காமலே பேசறீங்க? உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம்."

"பாக்கறதுக்குக் காசு ஏற்கனவே குடுத்துட்டீங்க. உக்காருங்க."

நாலு வருஷமாக பூமாலை இடது பக்கத்தில்தான் மெல்லுகிறாள். யாருக்கும் தெரியாது, இளஞ்செழியனுக்கும் தெரியாது. கிராம்பு வைத்து அடக்கினாள். மெடிக்கலில் தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கினாள். பொதுப் பணத்தில் வைத்தியம் கேட்டால் பச்சமுத்து மறுக்கமாட்டார். ஆனால் கேட்டால் பெரிய வீட்டுக்குத் தெரியும். பச்சரிசிப் பல்காரிக்குப் பல் சொத்தை என்று நிர்மலா காதில் விழுவதைவிட வலியே மேல்.

நான்சி ஒரு கொக்கியை வைத்து லேசாகத் தட்டினார். பூமாலையின் கால் இரண்டும் நாற்காலியை விட்டு எழுந்தன.

"சின்ன வயசுல சக்கரை ஜாஸ்தி தின்னீங்களா?"

"எங்கப்பா சக்கர மில்லுல வேல பாத்தாரு. மடியில கட்டிகினு வருவாரு."

"ம். ஒரு கடவாப்பல்லு வேர் வரைக்கும் போயிடுச்சு. வேர் சிகிச்சை பண்ணி கேப் போடணும். பக்கத்துது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, அடைச்சா போதும். ரெண்டும் சேர்த்து பதினோராயிரத்து ஐநூறு."

"அவ்ளோவா?"

"போன வருஷம் வந்திருந்தா எட்டுல முடிஞ்சிருக்கும். கேப் செஞ்சு அனுப்பறவங்க வருஷா வருஷம் ஏத்தறாங்க, இந்த நாற்காலிக்கு நான் பேங்குக்குக் கட்டிக்கினு இருக்கேன், மாடிக்கு வாடகை. ஸ்டிக்கர் ஒட்டறப்ப எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

"புடுங்கிட்டா?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காசில்லாம புடுங்குவாங்க. போலாம், தப்பில்ல. ஆனா ஒண்ணு காலியானா பக்கத்துது அந்த எடத்துல சாயும். அதுக்குப் பக்கத்துது அது மேல சாயும். நாலஞ்சு வருஷத்துல உங்க வரிசையே கலைஞ்சிடும். இப்ப பண்ணா காப்பாத்தலாம். ரெண்டு மூணு மாசம் போச்சுன்னா புடுங்கறதத் தவிர வழியில்ல."

பூமாலை நாற்காலியை விட்டு இறங்கி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மேடம், அந்தப் பணத்த வாணி பேர்ல கம்பின்னு எழுதித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

"இல்லாத நோவ நான் எழுத மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, பூமாலை பேரில் இருந்த நோவை எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் வாணிதான் அந்தப் பலகையைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வாசலில் பல் படம். 'கம்பி கட்ட எளிய மாதத் தவணை.' பூமாலை நின்றாள். அடுத்த வெட்டு வரைக்கும் ஒன்றுதான். கம்பி என்றால் கம்பி, கடவாப்பல்லை ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பிடுங்கிக்கொள்ளலாம். பின்னால் இருக்கும் ஓட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்? வரிசை கலைய நாலஞ்சு வருஷம் இருக்கிறது. அதற்குள் வாணிக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

அங்கே டாக்டர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "போடலாமே. நாலு பல்லு எடுத்துட்டு, அந்த எடத்துல முன்வரிசைய உள்ள தள்ளிட்டா முகம் இன்னும் ஷார்ப்பா வரும்."

"எடுக்கறது சொத்தப் பல்லுங்களா சார்?"

"இல்லம்மா, நல்ல பல்லுதான். எடம் வேணும்ல?"

நாற்பத்தைந்தாயிரம். மேல்கொண்டு மூவாயிரத்தைத் தன் தையல் காசில் போட்டுக்கொள்ளலாம் என்று பூமாலை நினைத்தாள். அடுத்த மாசம் விலை ஏறுகிறது என்று முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள், கலர் தாளில் சீட்டு அடித்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் தியாகதுருகம் வரைக்கும் வாணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த ஊர் மலைக்கோட்டை தெரிந்ததும் திரும்பினாள்.

"நாலு பல்லாம்மா?"

"ஊசி போட்டு மரத்துப் போக வெச்சிடுவாங்க."

"சுபஸ்ரீக்கு ரெண்டுதான் எடுத்தாங்க. அதுக்கே மூணு நாள் கஞ்சி குடிச்சிகினு படுத்துக்கினு இருந்தா."

"ரோஸ் ரப்பர் வேணும்னு சொன்னது யாரு?"

"ரப்பர்தான் கேட்டேன்" என்றாள் வாணி.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பச்சமுத்து கட்டிலில் இருந்தார். நிர்மலா பெரிய வீட்டு வாசற்படியில் முறம் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுபஸ்ரீ நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு எங்க?" என்றார் பச்சமுத்து.

பூமாலையின் பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. கலர் தாளை எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு இங்கிலீஷ் வராது. "சுபா, படி" என்று பேத்தியிடம் நீட்டினார்.

சுபஸ்ரீ படித்துப் படித்துச் சொன்னாள். "கோகிலவாணி, வயசு பதினாலு. மேலயும் கீழயும் கம்பி. ரெண்டு வருஷம். அப்புறம்..." அவள் நிறுத்தினாள். "நாலு பல்லு எடுக்கணும்னு போட்டிருக்கு தாத்தா."

"நாலா? உனக்கு ரெண்டு தான?"

"ரெண்டுதான்." கம்பி கட்டிய வாயை ஒருமுறை நாக்கால் தடவிக்கொண்டாள். "வாணிக்கு எதுக்கு சித்தி எடுக்கறாங்க? அவளுக்கு நேரா தான இருக்குது? எனக்கு ஊசி போட்டப்பவும் வலிச்சிச்சு, மரத்தது போனப்புறமும் வலிச்சிச்சு."

பச்சமுத்து பூமாலையைப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நிர்மலா பேசினாள். கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

"டாக்டருங்க பாத்து சொன்னா சரியாத்தான் மாமா இருக்கும். நமக்கு இன்னா தெரியும்? ஈடுன்னு நீங்க ஒத்துக்கினீங்க, போட்டுரட்டும். நானும் கூடப் போறேன். நாலு பல்லு எடுக்கறதுன்னா புள்ளையப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணுமில்ல? லீவு போட்டுக்கறேன்."

பதினாறு வருஷத்தில் ஒரு ஈட்டைக்கூட நிர்மலா முணுமுணுக்காமல் விட்டதில்லை. மிக்சி வந்தபோது சின்ன வீட்டு மிக்சியில் ஜாடி ஒன்று கூட இருக்கிறதென்று நாலு நாள் பேசாமல் இருந்தவள். இப்போது லீவு போடுகிறாள். பூமாலையின் காதும் அவள் கண்ணைப் போலத்தான். அந்தக் குரலில் தேவைக்கு மேல் ஒரு அரை அங்குலம் இருந்தது. அவள் நிர்மலாவைப் பார்த்தாள். நிர்மலா இவளைப் பார்க்கவில்லை. வாணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, ஒவ்வொரு பல்லாக, எந்த நாலு என்று எண்ணுகிற மாதிரி.

இரண்டு மாசமாக சுபஸ்ரீ சாப்பிடும்போதெல்லாம் தான் எப்படிப் பார்த்தோம் என்று பூமாலைக்குத் தெரியும்.

அவள் போய் சுபஸ்ரீயின் கையிலிருந்து தாளை வாங்கினாள். நாலாக மடித்தாள்.

"வேணாம் மாமா. வாணிக்குக் கம்பி வேணாம்."

"இப்பத்தான கொண்டாந்து குடுத்த?"

"சுபஸ்ரீக்குப் போட்ட டாக்டரம்மா வேணாம்னு சொல்ட்டாங்க. இது நானா வேற எடத்துல வாங்கனது."

"அப்ப ஈடு?"

"ஈடு இல்ல."

"நீயா வேணான்ற. நாளைக்கு வந்து நகை, நோவுன்னு பேசக்கூடாது."

"பேசல."

நிர்மலா முறத்தைத் தட்டிக் கீரையைச் சமமாக்கினாள். "கேட்டு வாங்கிட்டு வேணாங்கறது இன்னா பழக்கமோ" என்றாள், கீரையிடம் சொல்கிற மாதிரி.

பூமாலை நின்ற இடத்திலேயே நின்றாள். இப்படியே வீட்டுக்குள் போய்விடலாம். கம்பியும் இல்லை, சீட்டும் இல்லை, பல்லும் யாருக்கும் தெரியாது. வலது பக்கம் தாடையிலிருந்து காது வரைக்கும் துடித்துக்கொண்டிருந்தது, நான்சி தட்டியதிலிருந்தே. ஒன்று போனால் பக்கத்தது சாயும் என்றார். அதற்குப் பக்கத்தது அதன் மேல். அந்த வரிசை கலைவதை நிர்மலா தினமும் இந்தப் படியில் உட்கார்ந்து பார்ப்பாள், மகளின் வரிசை சேருவதைப் பார்க்கிற அதே கண்ணால். பூமாலை பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தாள்.

"இது யாருக்கு?" என்றார் பச்சமுத்து.

"எனக்கு. இது வைத்தியம்."

சுபஸ்ரீ வாங்கிப் படித்தாள். "பூமாலை, வயசு முப்பத்தாறு. கீழ, வலது பக்கம், கடவாப்பல்லு. வேர் வரைக்கும் சொத்தை..." குரல் தானாகத் தணிந்தது. "வேர் சிகிச்சை, கேப். பக்கத்துப் பல்லு அடைக்கணும்."

முறம் கீழே இறங்கியது.

"உனக்கா?" என்றாள் நிர்மலா. "உன் பல்லா?"

"எவ்ளோ?" என்றார் பச்சமுத்து.

"பதினோராயிரத்து ஐநூறு மாமா."

"ஒரு பல்லுக்கா?"

"ஒண்ணரப் பல்லுக்கு."

அவர் வானத்தைப் பார்த்தார். "மூணு டன்னு கரும்புக்கு மேல போவுது. வெட்டி, கட்டி, லோடு ஏத்தி, ஆலை வாசல்ல ராத்திரி பகலா காத்துக் கெடந்து... டன்னு வெல நின்ன எடத்துல நிக்குது, பல்லு வெல ஓடிகினு இருக்குது." பிறகு காலைக் கீழே வைத்தார். "நோவுன்னா நோவுதான். திங்கக்கெழம பேங்குக்குப் போறேன். செவ்வாக்கெழம போய் உக்காரு."

நிர்மலா எழுந்து வந்துவிட்டாள். அவ்வளவு வேகமாக அவள் வாசலைக் கடந்து பூமாலை பார்த்ததில்லை.

"எத்தினி நாளா?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமாவா? ஒரே வாசல்ல இருந்துகினு ஒரு வார்த்த சொன்னியா நீ? அதான் கறி வெச்சா குழம்பு மட்டும் போதும்னு சொல்லிக்கினு இருந்தியா?" கண்டிக்கிற வார்த்தைகள்தான். ஆனால் குரலில் ஒரு விசேஷ வீட்டுக் குதூகலம் இருந்தது. "எங்க, காட்டு."

"வேணாங்க்கா."

"காட்டுன்றேன். நான் இன்னா கடிச்சிடவா போறேன்?"

நிர்மலா செல்போன் விளக்கைப் போட்டாள். பச்சமுத்து நாகரிகமாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வாணியும் சுபஸ்ரீயும் திருப்பிக்கொள்ளவில்லை. பூமாலை கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

திறந்தாள்.

"யப்பா, கெணறாட்டம் இருக்குதேடி. இதுக்குள்ள இன்னாத்தப் போட்டு மூடுவாங்க? அந்தாண்ட திரும்பு. பக்கத்துலயும் கறுத்துட்டிருக்குது பாரு. முன்னாடி மட்டும்தான் பச்சரிசியா?"

பூமாலை தாங்கிக்கொண்டாள். பதில் சொல்லவும் முடியாது, வாய் திறந்திருக்கிறது. நிர்மலா அவசரப்படவில்லை. விளக்கை மேலே காட்டினாள், கீழே காட்டினாள், இடது பக்கத்தையும் விடவில்லை.

கண்ணை எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருப்பது? பூமாலை திறந்தாள். ஒரு சாண் தூரத்தில் நிர்மலாவின் முகம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் தன் வாயையும் திறந்துகொள்வது போல, பார்க்கிற மும்முரத்தில் நிர்மலாவின் வாயும் முழுசாகத் திறந்திருந்தது. இந்தப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் புறங்கை குறுக்கே இல்லை. விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பி உள்ளே வரைக்கும் தெரிந்தது. முன்னால் நாலும் தூக்கல்தான். அதற்குப் பின்னால் பூமாலையின் கண் ஒரு பக்கமாகப் போய், வளைந்து, அடுத்த பக்கமாகத் திரும்பி வந்தது. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. கடைசிக் கடவாப்பல் வரைக்கும் எல்லாம் முழுசாக, கல் மாதிரி நின்றன. ஒன்றில்கூட ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.